‘கொட்டியா’ என்கிறார்கள், ‘துரோகி’ என்கிறார்கள்: தம்பியை எப்படிக் காப்பது?

கேள்வி:

மாங்குளத்துக்கு உட்பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 22 வயது. கொழும்பில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் சிங்களப் பாட்டொன்றைப் பாடிப் பெயரெடுத்தான். சிங்களவர், தமிழர் என்று பாராமல் எல்லாரும் கொண்டாடினார்கள். இறுதிச் சுற்று மேடையில் தேசிய கீதம் சிங்களத்தில் போனபோது அவன் வாய் அசையாமல் நின்றதை யாரோ வெட்டி டிக்டொக்கில் போட்டார்கள். அன்றிரவே ‘கொட்டியா’ (சிங்களத்தில் புலி) ஆகிவிட்டான். காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டக் கொட்டகையில் அம்மா எங்கள் அண்ணாவின் படத்தோடு இருக்கும் போட்டோவையும் தேடியெடுத்து ஒட்டினார்கள்.

பயந்துபோய் ஒரு யூடியூப் சனலுக்குப் பேட்டி கொடுத்தான். ‘இப்ப பிரச்சினை ஒண்டும் இல்லை, எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கிறம்’ என்ற சின்னத் துண்டு, ஊரில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சுகிற கிழமையில் பரவியது. இப்போது எங்கட ஆட்களும் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் ‘துரோகி’ என்கிறார்கள். கோயில் திருவிழாவில் அவன் பாட இருந்ததையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு கிழமைக்கு முன் பேஸ்புக், டிக்டொக் இரண்டையும் அழித்துவிட்டு அறைக்குள் கிடக்கிறான். நித்திரை இல்லை. மன்னிப்புக் கேட்டு வீடியோ போடச் சொல்கிறார் போட்டியில் பழகிய ஒருவர். போடலாமா? பொலிசுக்குப் போனால் அம்மாவுக்குப் பிரச்சினை வருமா? பாட்டை விட்டுவிடச் சொல்லலாமா?

— அக்கா, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் முன்னால், கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘நித்திரை இல்லை, அறைக்குள் கிடக்கிறான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவே அவரிடம் நேராகக் கேளுங்கள்: “செத்துப்போகலாம் எண்டு யோசனை வருதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டவுடன் பாரம் இறங்கியவர்களும் உண்டு. ‘ஓம்’ என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ, தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த மருந்துப் போத்தல்களை அவர் ‘இல்லை’ என்று சொன்னாலும் வீட்டை விட்டு அகற்றுங்கள். பூட்டி வைத்தால் போதாது, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவதற்கு அவருக்கு ‘விசர்’ என்று யாரும் பெயர் வைக்க வேண்டியதில்லை. நித்திரைக்கு மருந்து எடுக்கப் போகிறோம் என்று சொன்னாலே போதும், அது பொய்யும் அல்ல.

அடுத்தது, நாள் கணக்குப் பார்க்க வேண்டிய வேலை. பேஸ்புக்கில் கணக்கை நிரந்தரமாக அழிக்கக் கொடுத்தால் 30 நாள் அவகாசம் உண்டு. டிக்டொக்கிலும் அதே 30 நாள். அதற்குள் பழைய கடவுச்சொல்லால் உள்ளே போனால் மீட்டெடுக்கலாம். இரண்டு கிழமை போய்விட்டது என்கிறீர்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். அழித்தது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆனால் இரண்டு கெடுதல் நடந்திருக்கிறது. அவருக்கு வந்த மிரட்டல்கள், அதாவது உங்களுடைய ஆதாரம், அந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. அதோடு, உண்மையான கணக்கு இல்லாத இடத்தில் அவர் பெயரில் போலிக் கணக்குகள் முளைக்கும். அவை எழுதுவதை அவர் எழுதியதாகவே ஆட்கள் நம்புவார்கள். மீட்டெடுப்பதை நீங்கள் செய்யுங்கள், அவர் செய்ய வேண்டாம். மீட்டதும் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, ‘உங்கள் தகவலைப் பதிவிறக்கு’ என்ற இடத்தில் முழுப் பிரதியையும் எடுத்துவிடுங்கள். அதன்பிறகு கணக்கு பூட்டிய வீடுபோலக் கிடக்கட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. மன்னிப்பு வீடியோ வேண்டாம்.

மேடைக்குப் போகும்வரை உங்கள் தம்பி ஒரு பாடகர். கைதட்டு கூடியதும் அவரைக் கேட்காமலே இரண்டு பதவி கொடுத்தார்கள்: தெற்கில் ‘நல்ல தமிழன்’, வடக்கில் ‘எங்கட பெடியன்’. இந்தப் பதவிகளுக்கு எழுதாத நிபந்தனை ஒன்று உண்டு. முதலாவது பிசகில் பதவி பறிபோவது மட்டுமல்ல, அந்தப் பதவியைக் கொடுத்தவர்களின் பழைய கோபம் முழுவதும் அந்த ஒரு ஆளின் தலையில் இறங்கும். இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1950 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் பிரேசில் 2–1 எனத் தோற்றது. பழி விழுந்தது கோல்காப்பாளர் பார்போசா மீதும் பின்வரிசையில் ஆடிய பிகோடே, ஜுவெனால் ஆகியோர் மீதும், மூவரும் கறுப்பினத்தவர். பார்போசா 2000 ஆம் ஆண்டு இறக்கும்வரை, 50 வருடம், அந்த ஒரு கோலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 2014 இல் ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த அணியில் இருந்த, துருக்கிய வம்சாவளியினரான மெசுத் ஓசில், 2018 இல் துருக்கி ஜனாதிபதியோடு எடுத்த ஒரு படத்துக்காகவும் முதல் சுற்றிலேயே அணி வெளியேறியதற்காகவும் சேர்த்து அடி வாங்கி, அந்த ஜூலையில் தேசிய அணியை விட்டு விலகினார். ‘வென்றால் நான் ஜேர்மானியன், தோற்றால் குடியேறி’ என்று அவர் சொன்னது உங்கள் தம்பிக்கு விளங்கும்.

எங்கள் பக்கம் சுத்தம் என்று நினைக்கவும் வேண்டாம். 2020 ஒக்டோபரில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் பற்றிய படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டதற்காக நடிகர் விஜய் சேதுபதியைத் தமிழ்நாட்டில் ‘துரோகி’ ஆக்கினார்கள். அந்தப் படத்தை எதிர்த்தவர்களிடம் அரசியல் காரணம் இருந்தது, அதைப் பேசலாம். ஆனால் அவருடைய சின்ன மகளுக்கு இணையத்தில் பாலியல் மிரட்டல் போனது. அதை எழுதியவனுக்கு ஈழ அரசியலில் என்ன அக்கறை இருந்திருக்கும்?

இந்த எல்லாவற்றிலும் பழி விழுந்தவர் கொடுக்கும் விளக்கம் வேலை செய்வதில்லை. விளக்கம் கேட்டு யாரும் கோபப்படவில்லை என்பதுதான் காரணம். கூடவே காசும் இருக்கிறது. யூடியூபில் எட்டு நிமிடம் தாண்டிய வீடியோவுக்கு இடையிலும் விளம்பரம் செருகலாம். தம்பியின் மூன்று நிமிட மன்னிப்பை நடுவில் நடுவில் நிறுத்தி, ‘பாருங்கள், கண்ணைப் பாருங்கள்’ என்று பேசியே ஒருவர் பத்து நிமிடம் ஓட்டுவார். ‘கொட்டியா’ என்பவரும் ‘துரோகி’ என்பவரும் அதே துண்டை வைத்துத்தான் உழைப்பார்கள். முதல் பேட்டி அப்படித்தான் போனது. இரண்டாவதும் அப்படித்தான் போகும்.

வீடியோ வேண்டாம் என்றால் முழு மௌனம் என்று பொருளல்ல. எழுத்தில் ஒரு குறிப்பு, ஒரே ஒரு தடவை. முகம் இருந்தால் முகத்தை வெட்டுவார்கள், குரல் இருந்தால் குரலை வெட்டுவார்கள். நாலு வரி எழுத்தைப் படமாகப் போட்டால் வெட்ட அதிகம் இருக்காது. இப்படி இருக்கலாம்:

‘என் பள்ளிக்கூடத்தில் தேசிய கீதத்தைத் தமிழில் படித்தேன். சிங்களச் சொற்கள் எனக்கு முழுதாகத் தெரியாததால் மரியாதையாக மௌனமாக நின்றேன். பேட்டியில் நான் சொன்னது என்னைப் பற்றி மட்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களுக்காகப் பேசும் உரிமை எனக்கில்லை, என் அம்மாவும் அவர்களில் ஒருவர். என் குடும்பத்துக்கு வந்த மிரட்டல்களை ஆதாரத்துடன் சேர்த்து வைத்திருக்கிறோம்.’

இதில் முதல் இரண்டு வரியும் உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். வேறு காரணத்துக்காக அவர் பாடவில்லை என்றால் அந்த வரிகளை எடுத்துவிடுங்கள், காரணம் சொல்லக் கடமை இல்லை. தமிழில் தேசிய கீதம் பாடுவதில் குற்றம் எதுவும் இல்லை: அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியின் மூன்றாம் அட்டவணையில் ‘ஸ்ரீ லங்கா தாயே’ அச்சிடப்பட்டிருக்கிறது, 2016 சுதந்திர தின தேசிய விழாவிலேயே அது பாடப்பட்டது. ஆனால் இந்த வாதத்தைக் குறிப்பில் எழுத வேண்டாம். எழுதினால் தம்பி மறுபடி தமிழினத்தின் வழக்கறிஞர் ஆகிவிடுவார். குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். சிங்களத்தை மொழிபெயர்ப்புச் செயலியிடம் விடாதீர்கள். சிங்களம் தாய்மொழியான, நம்பக்கூடிய ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். ‘ஆனால்’ என்று தொடங்கும் வரி ஒன்றும் வேண்டாம். கொமன்ட்டை மூடிவிட்டுப் போடுங்கள், பக்கத்தின் மேலே குத்தி வையுங்கள். பிறகு யார் கேட்டாலும் அதைத்தான் காட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறுப்பு போட்டியை நடத்தியவர்களுக்கு இருக்கிறது, அதை ஏன் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. தமிழ்ப் பிள்ளை மேடையில் நிற்கிறது என்று தெரிந்தும் கீதத்தை எப்படிப் போடுவது என்று தீர்மானித்தது அவர்கள்தான். 2021 யூரோ உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்போர்ட், சாஞ்சோ, சாகா மூவர் மீதும் இனவெறிக் கொமன்ட்கள் கொட்டியபோது, ‘யார் அடிப்பது என்று தெரிவு செய்தது நான், பொறுப்பும் என்னுடையது’ என்று பயிற்சியாளர் சவுத்கேட் முன்னால் வந்து சொன்னார். மன்செஸ்டரில் நாசமாக்கப்பட்ட ராஷ்போர்டின் சுவரோவியத்தை ஊர் மக்கள் கடிதங்களால் மூடினார்கள். ஓசிலுக்கோ, சொந்த நாட்டு உதைபந்தாட்டச் சங்கமே தன்னைக் கைவிட்டது என்பதுதான் குறை. மூன்று இளைஞர்களும் தொடர்ந்து விளையாடினார்கள், ஓசில் விலகினார். வேறு காரணங்களும் இருக்கும், ஆனால் முன்னால் நிற்க ஆள் இருந்ததும் இல்லாததும் சின்ன வித்தியாசம் அல்ல.

ஆகவே தொலைக்காட்சி நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்று கோரிக்கை வையுங்கள். கீதம் போன முழுக் காட்சியையும் வெட்டாமல் வெளியிட வேண்டும். போட்டியாளர்களை இனத்தின் பெயரால் தாக்குவதைக் கண்டிக்கும் அறிக்கை, அவர்கள் பெயரில், சிங்களத்தில் வர வேண்டும். தம்பியின் வீடியோக்களின் கீழ் கொமன்ட்டை மூட வேண்டும். அனுப்பு முன் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்: எத்தனை வருடம் கட்டுப்பாடு, வேறு மேடைகளில் பாடத் தடை உண்டா, நிறுவனத்தை விமர்சிக்கக் கூடாது என்ற பிரிவு உண்டா? தொலைபேசியில் ‘பார்ப்பம் மல்லி (தம்பி)’ என்று சொல்வது பதிலல்ல.

ஆதாரம் சேர்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலான முறைப்பாடுகள் இங்கேதான் விழுகின்றன. கொமன்ட்டை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி, அவர் திருப்பி அனுப்பியதைப் பொலிசுக்குக் கொண்டுபோகிறார்கள். படம் சுருங்கி, திகதி இல்லாமல், யார் எழுதியது என்ற இணைப்பும் இல்லாமல் போய்ச் சேரும். நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் பதிவின் இணைப்பைப் பிரதி செய்யுங்கள், அடுத்து எழுதியவரின் முகப்புப் பக்கத்தின் இணைப்பு, ஏனென்றால் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றலாம், பிறகு திகதியும் நேரமும் தெரியும்படி முழுத் திரையையும் எடுங்கள். வீடியோ என்றால் திரைப் பதிவு. எல்லாவற்றையும் ஒரு பென்ட்ரைவிலும் கூகுள் ட்ரைவிலும் வையுங்கள். ஒரு கொப்பியில் திகதி, எந்தத் தளம், இணைப்பு, சொல்லப்பட்ட வார்த்தை அப்படியே, யார் எடுத்தது என்று எழுதி வாருங்கள். இந்த வேலையைத் தம்பியிடம் கொடுக்காதீர்கள். ஒரே ஆள் தொடர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாசிக்கவும் வேண்டாம், நீங்களும் கல்லல்ல.

சேர்த்ததை மூன்றாகப் பிரியுங்கள். வெறும் வசை ஒரு பக்கம்: அதை மறைத்துவிட்டு விடுங்கள். கொல்லுவேன், வீட்டுக்கு வருவேன் என்ற மிரட்டலும், வீட்டு முகவரி, அம்மாவின் தொலைபேசி இலக்கம் போன்றவை வெளியிடப்பட்டதும் இரண்டாவது. ஒட்டுவேலை செய்த படங்களும் போலிக் கணக்குகளும் மூன்றாவது. தளங்களிடம் முறையிடும்போது எல்லாவற்றையும் ‘வெறுப்புப் பேச்சு’ என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள். போலிக் கணக்குக்கு ‘ஆள்மாறாட்டம்’, முகவரிக்கு ‘தனியுரிமை’ என்று சரியான வழியில் போனால் வேலை நடக்க வாய்ப்பு அதிகம். நூறு நண்பர்களைக் கூட்டி ஒரே பதிவை ரிப்போர்ட் பண்ணுவதால் பயனில்லை, எண்ணிக்கையைப் பார்த்து அவர்கள் நீக்குவதில்லை. சிங்களச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் இயந்திரம் தவறவிடும். 2018 இல் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. அதற்காக இன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி இருக்க வேண்டாம். உங்கள் பக்கத்தின் சொல் வடிகட்டியில் ‘கொட்டியா’, ‘துரோகி’ போன்றவற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கில எழுத்து மூன்றிலும், நடுவில் புள்ளியும் இலக்கமும் போட்டு எழுதும் வடிவங்களிலும் சேருங்கள்.

அம்மாவுக்காக யூடியூபில் தனியுரிமை முறைப்பாடு செய்யலாம். பாதிக்கப்பட்டவரே செய்ய வேண்டும் என்பது விதி. கணினி வசதி இல்லாதவருக்காக இன்னொருவர் செய்ய இடமுண்டு, அதைக் குறிப்பிட்டு நீங்கள் செய்யுங்கள். பொது இடப் போராட்டத்தில் எடுத்த படம் என்று சொல்லி மறுக்கக்கூடும். ஆகவே அவர் முழுப் பெயர், ஊர், தொலைபேசி வருகிற நிமிடம், செக்கனைக் காட்டிக் கேளுங்கள். இன்னொன்று: வீடியோவை இறக்கக் காப்புரிமை முறைப்பாடு போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அந்தப் படிவத்தில் நிரப்பும் பெயரும் தொடர்பு விபரமும் எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். மிரட்டுகிறவனுக்கு நம் விபரத்தை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதோடு தொலைக்காட்சியில் ஒளிபரப்பான காட்சியின் உரிமை பெரும்பாலும் உங்கள் தம்பியிடம் இருக்காது.

பொலிஸ் விடயத்தில் உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கொட்டகையில் இருக்கும் தாய்மாரை யார் யார் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள் என்பது வன்னியில் எல்லாருக்கும் தெரியும். எனவே வெறும் வசைக்காகப் போக வேண்டாம். உயிர் மிரட்டலுக்கும் முகவரி வெளியிட்டதற்கும் போகத்தான் வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமுறையான மிரட்டல் தெளிவான குற்றம். ‘போலிக் கணக்குத்தானே, பிடிக்க ஏலாது’ என்று யாராவது சொல்வார்கள். 2021 யூரோ விவகாரத்தில் ட்விட்டர் நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம், ஆள் யார் என்று அடையாளம் காணக்கூடியவை என்று அந்த நிறுவனமே சொன்னது. இங்கேயும் பலர் சொந்தப் பெயரில்தான் எழுதுகிறார்கள், போய் ஒருமுறை பாருங்கள்.

போகும்போது சட்டத்தரணியோடு போங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும், அது உங்கள் அரசியலமைப்பு உரிமை. சிங்களத்தில் எழுதி ‘இதிலை ஒரு கையெழுத்து’ என்றால், வாசிக்க முடியாததில் கையெழுத்திடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் வெளியே வர வேண்டாம். பென்ட்ரைவின் பிரதியையும் அச்செடுத்த தாள்களையும் கொடுங்கள். கைத்தொலைபேசியைக் கேட்டால் சட்டத்தரணியோடு பேசிய பிறகு, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு. பொலிசில் பதிய மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகம் இருக்கிறது.

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தில் இனவெறுப்பைத் தூண்டுவதற்கு 10 வருடம் வரை சிறை உண்டு. அதன்கீழ் வழக்குப் போடச் சொல்லித் துள்ள வேண்டாம். அதே சட்டத்தின் கீழ்தான் 2023 இல் மேடை நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய விமான நிலையத்தில் கைதாகி, மேல் நீதிமன்றம் பிணை கொடுக்கும்வரை சிறையில் இருந்தார். கலைஞரைக் காக்கிற சட்டமாக அது இங்கே பாவிக்கப்படவில்லை. இதையொட்டி, ஆதரவாக எழுதுகிறேன் என்று புலிக்கொடியோ பழைய படங்களோ போட்டு தம்பியை ‘டக்’ (tag) செய்கிற நண்பர்களை அன்போடு நிறுத்துங்கள். முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான இளைஞர்கள் எங்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். ‘டக் மீளாய்வு’ வசதியைப் போட்டுவிட்டால், நீங்கள் அனுமதிக்காமல் எதுவும் அவர் பக்கத்தில் வராது.

இனி ‘துரோகி’ என்கிற பக்கம். ரொறன்ரோவில் இருந்து கூப்பாடு போடுகிறவருக்கு நீங்கள் பதில் கடமைப்பட்டவர்கள் அல்ல. கொட்டகையில் இருக்கிற அம்மாமார் வேறு. கிளிநொச்சியில் அந்தப் போராட்டம் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கியது. பிள்ளையைத் தேடித் தேடியே பல தாய்மார் செத்துப்போய்விட்டார்கள். ‘பிரச்சினை ஒண்டும் இல்லை’ என்ற வார்த்தை அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவர் அந்தக் கருத்தில் சொல்லவில்லை என்பது உண்மை, அவர்களுக்கு நொந்ததும் உண்மை. இதற்கு இணையத்தில் மருந்து இல்லை. தம்பிக்குக் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, அம்மாவோடு ஒரு சாதாரண நாளில் அங்கே போய் இருக்கட்டும். நினைவு நாட்களில் வேண்டாம், கமரா வரும். வீடியோ எடுக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். யாராவது ஏசினால் கேட்டுக்கொள்ளட்டும். அம்மாவும் இதில் அடிபட்டவர் என்பதை மறக்காதீர்கள்: ஒரு மகனுக்காகத் தெருவில் இருக்கிறார், இன்னொரு மகனுக்காக அங்கேயே தலைகுனிகிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

பாட்டை விடுவதா என்ற முடிவை இப்போது எடுக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு அந்தப் பேச்சையே தள்ளி வையுங்கள். நித்திரை கெட்ட ஆள் எடுக்கிற முடிவு அது. வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனைக்கும் இதே பதில். ஆனால் பயிற்சியை விடவிடாதீர்கள்: தினமும் அரை மணித்தியாலம், வீட்டுக்குள், பதிவு செய்யாமல். திரும்பி வருவதைத் தெரிந்தவர்கள் மத்தியில் தொடங்கலாம், ஊர்க் கூத்துக்குப் பின்பாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது போல. கோயில் நிர்வாக சபைத் தலைவரை ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நேரில் போய்ப் பாருங்கள். இந்த வருடம் பாட விடுங்கள் என்று கேட்காமல், அடுத்த வருடப் பட்டியலில் பெயர் இருக்குமா என்று மட்டும் கேளுங்கள். சபைக்கும் பின்வாங்க ஒரு வழி வேண்டும்.

பிறகு இணையத்தில் முதல் பாட்டுப் போடும் நாள் வரும்போது, நிறையப் பேர் வந்து ‘ஒற்றுமைப் பாட்டு ஒன்று பாடு, எல்லாம் சரியாகும்’ என்பார்கள். வேறு சிலர் ‘போராட்டப் பாட்டு ஒன்று பாடு, நீ யார் என்று காட்டு’ என்பார்கள். இரண்டும் அதே பழைய பதவிக்கான விண்ணப்பம். காதல் பாட்டோ, தாலாட்டோ, அவருக்கு நன்றாக வரும் ஒன்றைப் பாடட்டும்.